சாவிப் பலகையைக் காத்த அளவக்காவுக்கு

சென்ற வாரம் வியாழக்கிழமை நமது பொதுச் சோதனைக் கூடத்தில் யார் யார் எங்கே அமர்ந்திருந்தோம் என்பதைச் சொல்லிவிட்டே தங்களை வணங்குகிறோம். நீள மேசையின் சன்னல் பக்கம் வார்ப்புப் பட்டறைக்காரர்கள் நால்வர். சுவர்ப் பக்கம் துளையிடுவோர், மெருகிடுவோர், பெட்டி கட்டுவோர் என அறுவர். வாசலை ஒட்டி லேத் பட்டறைக்காரர். அவர் முகம் படாத மூலையில் முலாம் பட்டறைக்காரர். ஆகப் பன்னிரண்டு முதலாளிகள். அலமாரியோரம் சங்கத்து எழுத்தர். தாங்கள் மட்டும் உட்காரவில்லை.

முப்பத்தோராண்டுகள் திருகு மரையும் மட்டமும் பார்த்து முத்திரையிட்ட மாண்பினரே, மயிரிழைப் பிழையும் மன்னியாத மதிநுட்பமே, அன்போடும் சற்றே அச்சத்தோடும் "அளவக்கா" என்று நாங்கள் அழைக்கும் தமக்கையே, வணக்கம்.

தங்கள் நாற்காலிக்குப் பின்னே ஒரு பலகை, அதில் பன்னிரண்டு கொக்கிகள், கொக்கிக்கொன்றாக ஒவ்வொரு பட்டறையின் மாற்றுச் சாவி. ஒருவர் எந்திரம் படுத்துவிட்டால் இன்னொருவர் பட்டறையைத் திறந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை, சீட்டெழுதி வைத்தால் போதும். "கைய காட்டு. கிரீஸ் போகக் கழுவிட்டு வந்து சாவியத் தொடு" என்று தாங்கள் விரட்டாத முதலாளி எங்களில் எவருமில்லை.

அந்தப் பலகைதான் இம்மாதம் வெறிச்சோடியது. நாம் சேர்ந்து செய்தனுப்பிய இரண்டாயிரம் வால்வுகள் குழாயில் ஏறாமல் பாதி மரையில் சிக்குவதாக வாங்குவோர் திருப்பியனுப்பினர். தவறு செய்த பட்டறையின் பெயரை எழுதினால் அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றவரிடம் வாங்குவோம் என்றும், தங்கள் பணிநிறைவு விழா நாளான இன்றைய தபாலுக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தனர்.

ஒரு பெயர்தானே என்று எங்களுக்குத் தோன்றியதை மறைக்க மாட்டோம்.

"உன் முலாம் தோசை மாதிரி தடிச்சிருக்கு, மரை எப்படி ஏறும்?" என்றார் லேத் பட்டறைக்காரர்.

"நீ வெட்டினதே கோணல். அதுக்கு நான் பவுடர் பூசி அனுப்பினேன், அவ்ளோதான்" என்றார் முலாம் பட்டறைக்காரர்.

அவரவர் தம் சாவியை எடுத்துக்கொள்ள, மறுநாள் காலையில் பலகையில் மூன்று சாவிகளே மிஞ்சின. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே டிபன் டப்பாவில் கை நனைத்த இந்த இருவரும் தெருவில் எதிர்ப்பட்டு, திரும்பிப் போயினர்.

தாங்கள் எவரையும் சமாதானம் செய்யவில்லை. வெளியூரிலிருந்து மரை அளக்கும் புதிய கேஜ் ஒன்றை இரவல் வாங்கி, திரும்பி வந்த வால்வுகளை மூன்று நாள் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தீர்கள். அதன்பின் கூடியதுதான் அந்த வியாழக்கிழமைக் கூட்டம். ஓய்வுபெற எட்டே நாள் இருக்க, நின்றுகொண்டே சொன்னீர்கள்:

"தப்பு உங்க ரெண்டு பேர் கையிலயும் இல்லப்பா. நம்ம கேஜ் தேஞ்சு போச்சு. அத வச்சு சரின்னு முத்திரை குத்துனது நான். என் பேர எழுதி அனுப்பிடுங்க."

அலமாரியோரம் இருந்த எழுத்தர் தம் கோப்பைத் திறந்து மூன்று தாள்களை மேசையில் வைத்தார். கேஜைச் சரிபார்க்க அனுப்ப இரண்டு வாரம் கூடத்தை மூட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகத் தாங்கள் எழுதிக் கேட்ட விண்ணப்பங்கள் அவை. ஒவ்வொன்றின் கீழும் "இப்போது இயலாது" என்ற பதிலும் எங்கள் பன்னிரண்டு கையொப்பங்களும் இருந்தன. எங்களுக்காக அந்தப் பதிலை எழுதிய எழுத்தரின் கைதான் இந்த மடலையும் எழுதுகிறது.

ஆதலின் அம்மையே, தங்கள் பெயர் போகாது. பதிலில் நாங்கள் எழுதியிருப்பது இது: பொதுக் கேஜ் தேய்ந்தது, அதைச் சரிபார்க்க வேண்டாமென்று தடுத்தது நாங்கள் பன்னிரண்டு பேரும், இரண்டாயிரத்தையும் சேர்ந்தே திருத்தித் தருகிறோம், பிரித்துத் தர எங்களிடம் பெயர் இல்லை. வாங்கினால் எல்லாரிடமும், இல்லையேல் எவரிடமும் இல்லை. இதைப் படித்தபின் அவர்கள் வாங்குவார்களா என்பது தெரியாது. பன்னிரண்டு குடும்பங்களின் வேலையும் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

பதினொரு கையொப்பங்கள் ஆகிவிட்டன. பலகையில் மீண்டும் பதினொரு சாவிகள் தொங்குகின்றன. லேத் பட்டறைக்காரர், விழாவில் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கண்ணொளி குன்றாமல், கை நடுக்கம் காணாமல், கணக்காய் உறங்கிக் கவலையின்றி விழித்துத் தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். வழியில் எங்கள் பட்டறைகளைக் கடக்கும்போது உள்ளே வந்து ஒரு குறையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இங்ஙனம்,
பன்னிரண்டு பட்டறைகளின் முதலாளிகள், தொழிலாளர்கள்,
சோதனைக் கூடத்துப் பணியாளர்கள்

மடலைக் கண்ணாடிச் சட்டமிடுமுன் எழுத்தர் சேர்த்தது:

விழாவில் மடல் வாசித்து முடிந்ததும் லேத் பட்டறைக்காரர் எழுந்து மேசைக்கு வந்தார். பதிலை இரண்டு முறை படித்தார். முலாம் பட்டறைக்காரரிடம், "உன் கையெழுத்து இதுல எது, இந்தக் கிறுக்கலா?" என்று கேட்டார். "ஆமா. உன் மரை மாதிரி" என்றார் அவர். லேத் பட்டறைக்காரர் அதன் கீழேயே ஒப்பமிட்டார். பிறகு கையை விரித்து அக்காவிடம் காட்டினார். அக்கா பார்த்துத் தலையசைத்தார். லேத் பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து தம் சாவியை எடுத்துப் பன்னிரண்டாம் கொக்கியில் மாட்டினார்.

பதில் வைத்த உறையை அக்கா ஒட்டினார். நான்கு ஐம்பதுக்கு அந்த இருவரும் ஒரே வண்டியில் அதைத் தபால் நிலையத்துக்கு எடுத்துச் சென்றனர்.