பெருக்கக் கூடாத தண்ணீர்

பெயர் லியோனிலா மக்பனுவா, வயது நாற்பத்தாறு, காலஞ்சென்ற கிரிசாந்தோவின் மனைவி, தொழில் வீட்டிலேயே சலவை, முகவரி மணிலா, தொண்டோ, சாந்தோல் சந்து, கீழ்வீடு. ஐயா விசாரித்ததற்கு நான் சொல்வதாவது:

நான் மேற்படி வீட்டில் திருமணமான நாள் முதல் குடியிருந்து வருகிறேன். எனக்கு ஒரே மகன், சரக்குக் கப்பலில் வேலை, இப்போது கடலில் இருக்கிறான். எங்கள் மாடியில் ரொடேல் பசிலியோ என்பவர் தனியாக வாடகைக்கு இருந்தார். இரவில் கால் சென்டர் வேலை, பகலில் ஏ.சி. போட்டுத் தூங்குவார். அந்த ஜன்னல் ஏ.சி. எங்கள் வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. பல மாதமாக ஒழுகுகிறது. என் கணவர் அதன் கீழே ஒரு வாளி வைத்திருந்தார், நிரம்பினால் அவரே ஊற்றிவிட்டு வருவார். சண்டை எதுவும் இல்லை. "வாடகையில்லாம அருவி குடுத்திருக்கான்டி" என்று கேலிதான் செய்வார்.

சென்ற வாரம் என் கணவர் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியை ஓட்டும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். அதன் பிறகு உடலைப் பெட்டியில் வைத்துக் கூடத்தில் கிடத்தினோம். அதன் பிறகு பூக்களுக்கு வேண்டுமென்று யாரோ வாசல் வாளியை உள்ளே எடுத்து வந்துவிட்டார்கள். ஏ.சி. தண்ணீர் வாசற்படியிலேயே விழுந்து தேங்கியது. பெட்டியை எடுக்கும்வரை வீட்டைப் பெருக்கவோ துடைக்கவோ மாட்டோம், செய்தால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவரும் போய்விடுவார். எனக்கு மிச்சம் மகன் ஒருவன்தான். ஆகவே விளக்குமாற்றைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வந்தவர்கள் தண்ணீரைத் தாண்டித்தான் வந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் ரொடேல் கீழே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. காபி குடித்தார். அதன் பிறகு பெட்டி மூடியின் கண்ணாடிமேல் குனிந்து, "அண்ணே, அருவியைப் பாத்துக்க ஆளில்லாமப் போச்சே" என்றார். இழவுக்குக் கண்விழிக்க வாசலோரம் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அழுகை எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அதன் பிறகு அவர் என்னிடம், "அக்கா, படி வழுக்குது. எம் மிஷின் தண்ணி, நானே தொடச்சிடறேன், ஒரு பழந்துணி குடுங்க" என்றார்.

"தொடாதடா. எம் புள்ள கடல்ல இருக்கான்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி சரி, தொடல. திங்கக்கிழமை மெக்கானிக் வர்றான். ஏ.சி.ய ஓடவிட்டுட்டு வந்திருக்கேன், மேல தகரம் கொதிக்குது. போய்த் தூங்கறேங்க்கா" என்றார்.

இழவு வீட்டுக்காரர் வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது என்பதால் நான் எழுந்திருக்கவில்லை. வாசலில் சத்தம் கேட்டது. சீட்டு மேசை சாய்ந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். அதன் பிறகு ஆட்கள் கத்தினார்கள். ரொடேல் வழுக்கி விழுந்து, படியின் விளிம்பில் பின்மண்டை அடிபட்டிருந்தது. ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். படியில் ரத்தம் கலந்து கிடந்தது. அதைத் துடைக்க ஒருவர் வந்தார். அப்போதும் நான் விடவில்லை.

அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து, "யார் வீட்டுத் தண்ணி அது?" என்று கேட்டார். உங்கள் மகனுடையதுதான் என்றேன். அது உண்மை. அவரை யாரும் தள்ளவில்லை, அதுவும் உண்மை. துடைக்க வந்த ரொடேலின் கையைப் பிடித்து நிறுத்தியது நான். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா எழுதிக்கொள்ளவும்.

நேற்று என் கணவரை அடக்கம் செய்தோம். மகன் கப்பலிலிருந்து பேசினான், நன்றாக இருக்கிறான். அதன் பிறகு விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கினேன். பெருக்கப் பெருக்க ஈரமாகிறது. மாடிச் சாவி ரொடேலின் சட்டைப்பையில் இருந்தது, அது இப்போது இந்த நிலையத்தில் இருக்கிறது. ஏ.சி. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது வந்து அதை நிறுத்த வேண்டும்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், எல்லாம் நடந்தபடியே இருக்கின்றன.

(ஒப்பம்) லியோனிலா மக்பனுவா