இரண்டாவது ஆள்

என் பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். காவல் நிலையத்தில் யாரும் வற்புறுத்தாமல் நானே சொல்வதாவது:

எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு வயது ஏழு. அவள் இதயத்தில் பம்ப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் ஒயர் வயிற்று வழியாக வெளியே வந்து, பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டியில் சேர்கிறது. பெட்டி நின்றால் பம்பும் நிற்கும். ஐந்து மாதம் வார்டில் கிடந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப, பயிற்சி பெற்ற உறவினர் இரண்டு பேர் வேண்டும் என்பது மருத்துவமனை விதி. தாய் ஒருத்தி. தகப்பன் போனவன் போனவன்தான். வருவதாகப் பெயர் கொடுத்த தாயின் தங்கை, பயிற்சிக்கு முதல் நாள் போனை அணைத்துவிட்டாள். அதன் பிறகு அந்தத் தாய் என் வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்கும் முன்பே நான்தான், "சரி, எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.

அதன் பிறகு தங்கை பெயரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், பொம்மையை வைத்துப் பெட்டி மாற்றக் கற்று, பரீட்சையில் தேறி, அவள் பெயரிலேயே கையெழுத்தும் இட்டேன். அன்று யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். கை நடுங்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது, "இது ஊசியில நூல் கோக்கிற கை, சிஸ்டர்" என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

பத்து மாதமாக, தாய் வேலைக்குப் போகும் பகலெல்லாம் பிள்ளை என் தையல் மிஷின் பக்கத்தில்தான் இருப்பாள். பேட்டரிப் பைக்குத் தோள்வார் வைத்துத் தைத்ததும் நான்தான். மிஷின் ஓட்டும்போதும் பெட்டியின் அலாரத்துக்குக் காது கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனேன். அலுப்பு இல்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும்.

கடந்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிள்ளை, "சித்தி, பெட்டி கத்துது" என்றாள். பேட்டரி மாற்றியும் நிற்கவில்லை. அதன் பிறகு அவளைப் படுக்க வைத்து, ஒயரைப் பிடுங்கி மாற்றுப் பெட்டியில் சொருகினேன். உதடு வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது. அதன் பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் அடையாள அட்டை கேட்டார்கள். எடுத்து நீட்டிவிட்டேன். யோசிக்கவே தோன்றவில்லை. பயிற்சி பெற்றவர் பட்டியலில் இருந்தது அந்தத் தங்கையின் பெயர்.

பிள்ளை மறுபடி வார்டில் இருக்கிறாள். இரண்டாவது ஆள் இல்லாமல் வெளியே விட மாட்டார்களாம். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். என் சொந்தப் பெயரில் அந்தப் பரீட்சையை இன்னொரு முறை எழுத மட்டும் விடும்படி மருத்துவமனையில் சொல்லுங்கள்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. இந்தக் கையெழுத்து என்னுடையது.

(ஒப்பம்)