மீன் மொய்த்த கால்

— சாக்ஸைக் கழட்டுக்கா. மூணு நாளா கரையிலயே உட்கார்ந்திருக்க. கைசேரியிலேர்ந்து காங்கால் வெந்நீர் ஊத்துக்கு பஸ் ஏறி வந்தது மீனை வேடிக்கை பார்க்கவா?

— எனக்குக் கூசும்டா தஹ்சின். நீயும் உன் மாமாவும் நனைங்க, போதும்.

— விடு மச்சான். என் காலைப் பாரு, பத்து மீன் தொங்குது. இருபது வருஷம் கபாப் அடுப்பு முன்னால நின்ன காலு. கறி வாசனை தெரியாதா அதுங்களுக்கு?

— வல்லாஹி, சத்தியமா மாமா, இதுங்க உங்க கடைக்கு வந்தா அடுப்பைக் கூட மிச்சம் வெக்காது.

— உங்க அப்பா எங்க மச்சான்? உடம்பெல்லாம் செதில் உரியறது அவருக்கு. நாம பாட்டுக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டிருக்கோம்!

— அறையில இருக்காரு. காலையில என் மக இபெக் வெறும் வயித்துல ஊத்துத் தண்ணியைக் குடிக்க மாட்டேன்னு அவரு மடியிலயே துப்பிட்டா. ஆறு வயசுக் கழுதைக்கு என்ன திமிரு! "எங்கிட்ட விடு, நான் குடிக்க வெக்கிறேன்"னாரு. இப்பத்தான் விட்டுட்டு வந்தேன்.

— தனியாவா?

— ஏன்க்கா, அவரு பேத்திதானே? அடுப்பை மூட்டிட்டு உட்கார்ந்திருக்காரு. வீட்டு அடுப்பு இடுக்கியைக் கூட மூட்டையில கட்டிக்கிட்டு வந்திருக்காரு, மனுஷன்!

— நான் அறைக்குப் போறேன்.

— எங்க ஓடுற? ஒரே ஒரு நிமிஷம் காலை நனைச்சிட்டுப் போ. மாமா, அந்தக் கையைப் பிடிங்க.

— வேண்டாம் மச்சான். சொல்றேன்ல, அவளை விடு.

— சின்னப் புள்ள மாதிரி அடம் பிடிக்கிறா, நீங்களும் சேர்ந்துக்கிட்டு! பாருங்க, கழட்டியாச்சு. உள்ள விடுக்கா.

— தஹ்சின், விடுடா!

— அட, என் காலை விட்டுட்டு எல்லாம் உங்கிட்ட ஓடுதே. மாமாவையும் விட்டுடுச்சு. கறுப்பா அப்பிக்கிச்சு... இதுங்க செத்த தோலைத்தானே தின்னும், நல்ல தோலைத் தொடாதே. உள்ளங்காலைக் காட்டு.

— வேண்டாம்.

— காட்டுன்னேன்! என்ன இது, ரெண்டு ரெண்டு கோடா... சுட்ட புண்ணு. அஞ்சு, ஆறு, ஏழு. தோலு இன்னும் உரியுது.

— தெரியாம அடுப்புல மிதிச்சுட்டேன்.

— ஏழு தடவையா? இது இடுக்கிக்கா! நாள் பூரா இடுக்கியும் கையுமா நிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா? ஏன்டா ஷுக்ரு, வாய் நிறைய மாமான்னு கூப்பிட்டேனேடா உன்னை!

— மச்சான், கொஞ்சம் பொறு...

— இந்தா, முதல்ல இதை வாங்கிக்கோ!

— ஐயோ, பல்லு போச்சுடா அவருக்கு!

— போகட்டும். இந்தா, இன்னொண்ணும் போகட்டும்! ஏன்டா திருப்பி அடிக்க மாட்டேங்கிற? பொம்பளை கால்தான் கேக்குதா உனக்கு?

— அடிச்சுக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கக்கா நெர்மினுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— சத்தியமா? தண்ணிக்குள்ள போய் மீனுகிட்ட சொல்லு அதை!

— அவரு தலையைத் தூக்குடா! கல்லுல இடிச்சு ரத்தமாக் கொட்டுது! யாராவது வாங்களேன்!

— யாராவது கிட்ட வந்தீங்க, உங்களையும் சேர்த்து முக்கிடுவேன்! இது எங்க குடும்ப விஷயம்!

— அவரு இல்லடா! அம்மா செத்த நாப்பதாம் நாளுக்கு ஒரு வாரம் நான் எந்த வீட்டுல இருந்தேன்? இவரு கைசேரியில கடையைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. அங்க யாருடா இருந்தா எங்கூட?

— அப்பா...

— சூப்புல உப்பு கூடிப்போச்சாம். நாப்பது வயசுக்காரி காலைப் பிடிச்சு இழுத்தாரு. நீ எட்டு வயசுலயே விடுதிக்குப் போயிட்ட, உனக்கு என்ன தெரியும்? அப்பல்லாம் அவரு சுட்டதும் அம்மாதான் வெண்ணெய் தடவி சாக்ஸ் போட்டு விடுவா. வெளிய சொல்லாதடின்னு கெஞ்சுவா.

— பொய். புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்ற.

— மச்சான்... மூச்சு... அப்புறமா என்னைக் கொல்லு. இப்ப ஓடு.

— எங்க ஓடச் சொல்ற?

— அதே இடுக்கிதான்டா தஹ்சின். அதுவும் அப்பாவும் இபெக்கும் இப்ப ஒரே அறையில.