ஓர் அடி பின்னால்

பொழியூரிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் முன்சீட்டில் மீன்காரப் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் மடியில் காலிக் கூடை.

“எனக்க மாப்பிளைக்கு உறுதி வந்ததுனாலயாக்கும் நேத்து கரையில ஒருத்தருக்கும் மீனு இல்லாமப் போச்சு.”

“என்ன உறுதி மக்கா?”

“சர்ச் ஹாலுல ஒரு சாரு வந்து பேசினாரு அக்கா. வாழ்க்கையில ஒரு அடிகூட பின்னால வைக்கப்பிடாதாம்.”

“கரமடி வலைய பின்னால நடந்துதானே கரைக்கு இழுக்கணும்?”

“கயிறு பிடிச்ச எல்லாவரும் பின்னால போனாவ. இவரு மட்டும் நிண்ண இடத்துலயே நிண்ணாரு. முன்னால நிண்ண ஆளு வந்து இவருமேல இடிச்சு, எல்லாவரும் விழுந்து, கயிறு கைய விட்டுப் போச்சு. வலையில வந்த மீனெல்லாம் திரும்பிக் கடலுக்குப் போச்சு. இனி வேலைக்கு வரண்டாம்னு சொல்லிட்டாவ.”

“போய் மன்னிப்பு கேக்கச் சொல்லு.”

“சொன்னேன். அதும் பின்னால போறதுதானாம்.”

“பின்ன என்ன செய்த?”

“மீனு இல்லாத சோறு வச்சேன். காலம்பற எழும்பிப் பாத்தா, தென்னையில கயிறக் கெட்டிட்டு, முற்றத்துல பின்னால நடந்து பழகுதாரு.”