கலேடியத்துக்கு வந்த அழுகல்

கலேடியத்துக்குக் காலை வெயில் போதும், போதகர் ஐயரே. உச்சி வெயில் பட்டால் அந்த வண்ண இலைகளின் அழகெல்லாம் கருகிவிடும். இதுகூடத் தெரியாத சபைக் கமிட்டியார், என் தொட்டிச் செடிகள் அழுகியதற்குத் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம் என்று கோயில் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்கள். இன்று அவர்களே என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷம்.

காரணம் தண்ணீர் இல்லை, கிருமி. அழுகிய தண்டில் வடிந்த கொழகொழப்பை வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்து, நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குட்டைக் குச்சிகளாக நெளிந்தன. ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. அதை நல்ல செடியில் ஏற்றி, அதுவும் அப்படியே அழுகினால்தான் சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும். மிஞ்சியிருந்த கலேடியங்கள் கல்கத்தாவிலிருந்து வரவழைத்தவை. பாழாக்க மனம் வரவில்லை.

சேனைக்கிழங்கும் கலேடியத்தின் இனந்தான். பக்கத்து வீட்டு விதவை நேசபாயும் மகள் பூங்கனியும் வருஷத்தில் பாதி நாள் பசியாறுவது சேனையால்தான். கும்ப மாதம் விதைச்சேனையைச் சாணிப்பாலில் முக்கி நடுவது இங்கே வழக்கம். நேசபாய்க்கு மாடு கிடையாது. சாணிக்கு என் தொழுவத்துக்குத்தான் வருவாள். நானே கரைத்துக் கொடுத்தேன், கிருமி வளர்ந்த உருளைக்கிழங்கைக் கழுவிய நீரையும் சேர்த்து.

நட்டதெல்லாம் மண்ணுக்குள் நாறிக் கரைந்தது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். அதே கிருமி. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மிச்சமிருந்த விதையோடு நேசபாய் மறுபடி வந்தாள். அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

"சாரே, எனக்க கைக்கு ராசி இல்ல. இந்தத் தடவ ஒங்க கையாலயே முக்கித் தாருங்க" என்றாள்.

முக்கிக் கொடுத்தேன். எந்தச் சோதனையையும் இரண்டு முறை செய்வதுதான் முறை. அவளாகத்தான் வந்து கேட்டாள் என்பதைக் கமிட்டி கவனிக்க வேண்டும்.

அதுவும் அழுகிய பிறகு அவள் குடிசையை அடைத்துவிட்டு, மகளோடு தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போனாள். அங்கே பூங்கனி மலைக்காய்ச்சலில் செத்தாள். அது கொசுவின் வேலை. என் கிருமி மனிதரைத் தொடாது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களுக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

சாணிப்பாலில் கிருமியைக் கலந்தது நான்தான், இரண்டு முறையும். மறைக்க நினைத்திருந்தால் கட்டுரையாக எழுதி அச்சில் போடுவேனா? கட்டுரையின் அடியில் நேசபாய்க்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷில் இருப்பதால் அவளுக்குப் புரியாது. ஐயர் ஒரு நடை போய்த் தமிழில் வாசித்துக் காட்டினால், பிள்ளை போன துக்கம் கொஞ்சம் ஆறும்.