இரண்டாம் முறை பெயர் கூப்பிட்டபோது

யோஸின் கையுறைகள் இன்னும் என் வண்டியில்தான் கிடக்கின்றன. அவர் மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பேன், மறந்துபோகும். வயதாகிறதல்லவா ஐயா.

முப்பது வருடமாக நான் இந்த வட்டாரத்து மருத்துவன். பெரியம்மையில் வெந்துபோன எத்தனையோ பிள்ளைகளின் கண்களை இந்தக் கையால் மூடியிருக்கிறேன். எல்லோருக்கும் கட்டாயம் அம்மை குத்தச் சட்டம் கொண்டுவருவேன் என்றார் எங்கள் லிபரல் வேட்பாளர். அதற்காகத்தான் உழைத்தேன்.

பெல்ஜியத்தில் பாதித் தொகுதிகளுக்கு மட்டும் நடந்த ஜூன் தேர்தல் அது. வரி கட்டி ஓட்டுரிமை பெற்ற ஆண்கள் நகரமன்றத்துக்கு நேரில் வர வேண்டும். கூப்பிட்டபோது வராதவர்களைக் கடைசியில் இன்னொரு முறை கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். முதல் சுற்று முடிந்ததும் தலையெண்ணிப் பார்த்தோம். இழுபறி. எங்கள் ஆளான விவசாயி யோஸ் வரவில்லை. நானே வண்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

முகத்தைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிட்டது.

"டாக்டரய்யா, எந்திரிக்கவே முடியல. என்னை விட்டுடுங்க," என்றார்.

"வெயில் கொப்புளம்தான் யோஸ். ஒரு மணி நேரத்துல வந்து படுத்துக்கலாம்."

அவர் மனைவி பார்பரா வாசலை மறித்தாள். "இதுவா வெயில் கொப்புளம்? என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். நம்பிவிட்டாள், பாவம்.

கழுத்துப்பட்டியை ஏற்றி, கையுறை மாட்டி, தொப்பியை இறக்கிவிட்டுக் கூட்டிப்போனேன். மன்றத்தில் நானூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அடேயப்பா, யோஸு காலையிலயே ஊத்திக்கிட்டான்டோய்!" என்று ஒருவன் அவர் கன்னத்தைத் தட்டினான்.

கையுறையோடு நீட்டினால் ஓட்டுச் சீட்டை வாங்க மாட்டேன் என்றார் அதிகாரி. நான்தான் கழற்றிவிட்டேன். அதிகாரிக்குப் பார்வை மங்கல், கொப்புளம் தெரியவில்லை. வாங்கிப் பெட்டியில் போட்டார்.

ஒரே ஓட்டில் ஜெயித்தோம்.

யோஸ் நாலாம் நாள் போனார். மாதம் முடிவதற்குள் எல்லாக் கிராமத்துக் கோயிலிலும் சாவுமணி அடித்தது. தேர்தலன்று வீடு திரும்பியதும் என் மேல்சட்டையை வாங்கி மடித்து வைத்தவள் என் மகள் கொலெட்டா. அவளுக்கு மறுபடி அம்மை குத்த வேண்டியிருந்தது. தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். சட்டம் என்னவாயிற்று என்று ஜெயித்து பிரஸ்ஸல்ஸுக்குப் போன எங்கள் வேட்பாளருக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த தேர்தல் முடியட்டும் என்று பதில் வந்தது. அவர் சொல்வதும் நியாயம்தான்.

தெரிந்தேதான் செய்தேன், கட்சி அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. செத்தவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்பார்த்துவிட்டேன். ஓட்டுள்ளவர்கள் ஒன்பதே பேர், அதில் நம் ஆட்கள் மூவர். தொகுதி கைவிட்டுப் போகாது. கொலெட்டாவைச் சேர்க்கவில்லை. அவளுக்குத்தான் ஓட்டு இல்லையே.