தங்கையின் தகட்டை நகர்த்திவைத்த புள்ளியக்காவுக்கு

நுண்ணோக்கியின் நுட்பம் நுகர்ந்த நல்விழியே! முப்பத்தோராண்டு முதுகு வளைந்தும் முகம் சுளிக்காத உழைப்பே! நோயியல் ஆய்வுக்கூடத்தின் ஒளியே! எங்கள் அருமைப் புள்ளியக்கா! வணக்கம்.

மார்பகக் கட்டியிலிருந்து சீவிய இழையைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்டால், நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் பழுப்புப் புள்ளிகளாய்த் தெரியும். அவற்றை ஒன்றுவிடாமல் எண்ணித் தந்தே எங்களுக்குப் புள்ளியக்கா ஆனவர் தாங்கள். எண்ணும்போது யாராவது பேசினால் தங்கள் ஒற்றை விரல் உயரும். பெரிய மருத்துவரும் கதவருகே கப்சிப்பென்று நிற்பார்!

நரம்புகளின் படபடப்பு அந்த அணுக்களை முடக்குகிறதா, படபடப்பைத் தணிக்கும் மாத்திரையை அறுவைக்கு முன் கொடுத்தால் அவை கட்டிக்குள் புகுந்து போராடுமா என நான்காண்டுகளாய் ஆராய்கிறோம். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கிறது. எண்ணுபவர் பாரபட்சம் காட்டிவிடாதிருக்கத் தகட்டில் பெயரின்றி எண் மட்டுமே இருக்கவேண்டும்.

ஒருநாள், பெயர்ச்சீட்டைக் கிழிக்காமல் ஒரு தகட்டைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டோம். அதிலிருந்தது தங்கள் தங்கையின் பெயர். தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் இதை மறைத்துத் தங்களைப் புகழ எங்களுக்கு மனம் வரவில்லை.

“இத நான் எண்ண மாட்டேன். எண்ணினா என்னையறியாம கூட்டிப் போட்டுடுவேன்” என்றீர்கள். தகட்டைப் பக்கத்து மேசைக்கு நகர்த்திவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள். பக்கத்து மேசைக்காரர் எழுதியது மிகச் சிறிய எண்; போராட வந்த அணுக்கள் அவ்வளவு குறைவு. தாங்கள் அதைக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள். பதினான்கு மாதங்களில் தங்கையைப் பறிகொடுத்தீர்கள். ஐந்தாம் நாளே வேலைக்கு வந்தீர்கள். எங்களை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் அக்கா, ஏசவில்லை.

அடுத்த மாதம் உறை பிரிக்கப்படும். நேற்று மேசையை ஒழித்தபடி தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “அவளுக்குக் கெடச்சது மருந்தா வெறும் மாத்திரையான்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. பயந்தவள ஆய்வுல சேரு, கையெழுத்துப் போடுன்னு சொன்னதே நான்தான்.”

ஊர்வம்பு பேசியே பழகிய எங்கள் வாய் இதைமட்டும் பேசாது. இது சத்தியம்.

நலம் குன்றாது, நோய் நெருங்காது, நெடிது வாழ்க! நிம்மதியாய் உறங்கி எழுக!

இங்ஙனம்,
பெயர்ச்சீட்டைக் கிழிக்க மறந்த,
தங்கள் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்